ஒரு நாள் தலைவர்கள்: ஏதென்ஸ் தன்னைத்தானே ஆண்ட விதம்

கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில், அகோரா என்ற சந்தைத் திடலின் மேற்கு ஓரத்தில் வட்டமான ஒரு கட்டடம் இருந்தது. தோலோஸ் என்று பெயர். அங்கே தினமும் சில சாவிகள் கைமாறின. கோயில்களில் பூட்டி வைத்திருந்த அரசுப் பணத்துக்கும் ஆவணங்களுக்குமான சாவிகள் அவை. கூடவே நகரத்தின் முத்திரையும். அவற்றை வாங்கிக்கொள்பவர் ஓர் இரவுக்கும் ஒரு பகலுக்கும் ஏதென்ஸின் தலைவர். மறுநாள் வேறொருவர். அவர் பெரிய பேச்சாளராகவோ படைத்தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆலிவ் தோட்டக்காரராக இருக்கலாம், தோல் பதனிடுபவராக இருக்கலாம். யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. சீட்டு விழுந்தது, அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தப் பொறுப்பு கிடைக்கும்.

ஜனநாயகம் பிறந்த ஊர் ஏதென்ஸ் என்று பள்ளிப் பாடத்தில் படித்தபோது, நம் தேர்தலின் பழைய வடிவம் ஏதோ அங்கே இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். விஷயம் நேர்மாறு. தேர்தல் என்பதையே அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஓட்டுப் போட விட்டால் பணக்காரர்களும் பெயர்பெற்ற குடும்பத்தாரும்தான் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. பதவிகளைக் குலுக்கலில் நிரப்பினால் மக்களாட்சி, தேர்ந்தெடுத்து நிரப்பினால் சிலராட்சி என்ற கருத்தை அரிஸ்டாட்டிலும் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கணக்குக்கு வந்து சேர ஏதென்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டியதல்ல அது. ஒவ்வொரு நெருக்கடியிலும் ஒரு செங்கல் சேர்ந்தது.

ஆரம்பத்தில் அங்கும் அரசர்கள்தான். பிறகு அரசரின் வேலைகள் ஆர்க்கன் எனப்பட்ட அதிகாரிகளிடம் பிரிந்து போயின. கி.மு. 683 வாக்கில் அந்தப் பதவி ஓராண்டுப் பதவியானது. ஒருவர் பெயரில் அந்த ஆண்டே அழைக்கப்பட்டது, இன்னொருவருக்குப் படை, மற்றொருவர் ‘அரசர்’ என்ற பட்டத்தோடு வழிபாடுகளைப் பார்த்துக்கொண்டார். இவர்களோடு சட்டம் பார்க்க ஆறு பேர், ஆக ஒன்பது. பதவி முடிந்தவர்கள் அரியோபாகஸ் குன்றின் பெயரால் அறியப்பட்ட சபையில் ஆயுள் உறுப்பினர்கள். எல்லாரும் உயர்குடியினர். மற்றவர்களுக்கு எந்தச் சட்டம் தங்கள் மேல் பாயும் என்பதுகூடத் தெரியாது, ஏனென்றால் அது எழுத்தில் இல்லை. கி.மு. 621-இல் டிராக்கோ அதை எழுத்தில் கொண்டுவந்தார். தண்டனைகள் கொடூரமானவை. மையால் அல்ல, ரத்தத்தால் எழுதிய சட்டம் என்று பிற்காலத்தில் ஒருவர் கேலி செய்தார். ஆனாலும் எழுதிவிட்ட சட்டத்தை நீதிபதி தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்ல முடியாது.

அடுத்த நெருக்கடி கடன். அட்டிகா என்கிற அந்த வட்டாரத்தில் சிறு உழவர்கள் தங்கள் உடலையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். கட்ட முடியாவிட்டால் அடிமை, சில நேரம் வெளியூருக்கு விற்பனை. ஊர் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றபோது, கி.மு. 594-இல் சோலோனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் கவிஞரும்கூட. தான் செய்ததை அவரே பாட்டில் சொல்லியிருக்கிறார்: கறுத்த மண்ணில் ஊன்றியிருந்த கற்களைப் பிடுங்கி, அடிமைப்பட்டிருந்த மண்ணை விடுவித்தேன் என்று. உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதை அடியோடு தடை செய்தார். ‘சுமை இறக்கல்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நிலத்தைப் பிரித்துத் தருவார் என்று ஏழைகள் எதிர்பார்த்தார்கள், தரவில்லை. கடனைத் தொடமாட்டார் என்று பணக்காரர்கள் நினைத்தார்கள், தொட்டார். இரு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கு ஊரை விட்டே போய்விட்டார்.

போகுமுன் மக்களை விளைச்சலின்படி நான்கு வகுப்பாகப் பிரித்தார். ஆண்டுக்கு 500 அளவை விளைப்பவர் முதல் வகுப்பு, பிறகு 300, பிறகு 200, கடைசியில் கூலிக்காரர்களும் மற்றவர்களும். பதவி வகுப்பைப் பொறுத்தது. பார்க்கப் பணக்காரர் ஆட்சி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதுவரை பிறப்பைப் பொறுத்திருந்த ஒன்று இப்போது நெல்லைப் போல அளக்கக்கூடியதாகிவிட்டது. பிறப்பை மாற்ற முடியாது, விளைச்சலை மாற்றலாம். நான்காம் வகுப்பாருக்குப் பதவி இல்லை என்றாலும் மக்கள் சபையிலும் நீதிமன்றத்திலும் உட்கார இடம் உண்டு. அதோடு, பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை, விரும்பும் எந்தக் குடிமகனும் அவர் சார்பில் போடலாம் என்றார். ஏழைக்கு அநியாயம் நடந்தால் மூன்றாம் மனிதர் ஒருவர் கேட்கலாம் என்ற அந்தச் சின்ன விதிதான் பிறகு பெரிதாக வளர்ந்தது.

சோலோன் போனதும் பழைய சண்டை திரும்பி வந்தது. அதில் குளிர்காய்ந்தவர் பெய்சிஸ்ட்ராட்டஸ். தன் உடம்பில் தானே காயம் செய்துகொண்டு, எதிரிகள் தாக்கினார்கள் என்று காட்டி, காவலுக்கு ஆள் வாங்கி, அந்த ஆட்களை வைத்தே நகரத்தின் குன்றுக் கோட்டையான அக்ரோபொலிஸைப் பிடித்தார். துரத்தினார்கள். இரண்டாவது முறை, உயரமான ஓர் அழகிக்கு அதீனா தேவி வேஷம் போட்டுத் தேரில் ஏற்றி, தேவியே என்னை அழைத்து வருகிறாள் என்று நகருக்குள் நுழைந்தார். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே இதை எழுதும்போது, புத்திசாலிகள் என்று பெயரெடுத்த ஏதென்ஸ்காரர்கள் இதை நம்பினார்களே என்று தலையில் அடித்துக்கொள்கிறார். மூன்றாவது முறை, கி.மு. 546-இல், படையோடு வந்து நிலைத்தார். வேடிக்கை என்னவென்றால் ஆட்சி மோசமில்லை. உழவர்களுக்குக் கடன் கொடுத்தார், ஊர் ஊராகப் போய் வழக்குத் தீர்க்கும் நீதிபதிகளை வைத்தார். இதில் உயர்குடியினரின் உள்ளூர் பிடி தளர்ந்தது. அவர் மகன் ஹிப்பியஸ் கொடுங்கோலனாக மாற, கி.மு. 510-இல் ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகர அரசின் படை வந்து அவரை விரட்டியது.

சரி, கொடுங்கோலன் போனார், யார் வருவது? இரண்டு உயர்குடிக்காரர்கள் மோதினார்கள்: இசகோரஸ், கிளெய்ஸ்தெனிஸ். தோற்கும் நிலையில் இருந்த கிளெய்ஸ்தெனிஸ் பொதுமக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கொள்கைப் பிடிப்பா, வேறு வழியில்லாமலா என்று கேட்டால் இரண்டாவது என்றே நான் சொல்வேன். இசகோரஸ் ஸ்பார்ட்டா அரசர் கிளியோமெனிஸைக் கூட்டிவந்தார். அவர் எழுநூறு குடும்பங்களை நாடுகடத்தி, ஆலோசனை மன்றத்தையும் கலைக்கப் பார்த்தார். அப்போது கிளெய்ஸ்தெனிஸ் ஊரிலேயே இல்லை. தலைவர் இல்லாமலே மக்கள் திரண்டு ஸ்பார்ட்டாக்காரர்களை அக்ரோபொலிஸில் இரண்டு நாள் முற்றுகையிட்டார்கள். மூன்றாம் நாள் ஸ்பார்ட்டா அரசர் சமாதானம் பேசி வெளியேறினார். திரும்பி வந்த கிளெய்ஸ்தெனிஸ், கி.மு. 508-507-இல், கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்.

அவர் செய்தது அடிப்படையில் ஒரு வரைபட வேலை. அதுவரை ஏதென்ஸில் நான்கு குலங்கள். அந்தந்தக் குலத்தில் பெரிய குடும்பங்கள் வைத்ததுதான் சட்டம். அதை அரசியலிலிருந்து ஒதுக்கிவிட்டு, நாட்டை ஊர்களாகவும் நகரப் பேட்டைகளாகவும் எடுத்துக்கொண்டார். மொத்தம் 139. நகரம், கடற்கரை, உள்நாடு என்று மூன்று வட்டாரம், ஒவ்வொன்றிலும் பத்துத் தொகுப்பு. வட்டாரத்துக்கு ஒன்றாக மூன்று தொகுப்பைச் சேர்த்தால் ஒரு புதிய குலம். இப்படிப் பத்துக் குலங்கள். மீனவரும் மலையடிவார உழவரும் நகரத்துக் குயவரும் ஒரே குலம். சேர்ந்து படைக்குப் போவார்கள், சேர்ந்து மன்றத்தில் உட்காருவார்கள். ஒரு பெரிய குடும்பம் தன் வட்டாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு குலத்தைப் பிடிக்க முடியாது. மனிதரின் அடையாளமும் மாறியது: பெரிக்கிளிஸ், ஸான்திப்பஸின் மகன், கோலர்கோஸ் ஊரார். எந்த வம்சம் என்பதைவிட எந்த ஊர் என்பது முக்கியமாகிவிட்டது. அப்புறம் அவர் வீடு மாற்றிப் போனாலும், பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அதே ஊர்ப்பெயர்தான்.

குலத்துக்கு 50 பேராக ஐந்நூற்றுவர் மன்றம் அமைந்தது. ஊரின் அளவுக்கேற்ப இடம்: பெரிய ஊரான அகார்னாயிலிருந்து 22 பேர், குட்டி ஊரிலிருந்து ஒருவர். ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குலத்தின் ஐம்பதின்மரும் 35 அல்லது 36 நாள் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார்கள். முதலில் சொன்ன ஒரு நாள் தலைவர் இந்த ஐம்பதில் ஒருவர். சாதாரண ஆண்டில் 354 நாள், மன்றத்தில் 500 பேர். ஆக ஒரு முறை மன்றத்துக்குப் போன பத்துப் பேரில் ஏழு பேர் ஒரு நாளாவது நகரத்தின் சாவியைக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள். மன்றத்தில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வயதுவந்த ஆண் குடிமக்களே முப்பதாயிரம் அளவில்தான். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் தெருவுக்குத் தெரு இருந்திருப்பார்கள்.

யாராவது மறுபடி பெய்சிஸ்ட்ராட்டஸ் ஆகிவிடுவாரோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு வினோதமான மருந்து வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, யாரையாவது ஊர்விலக்கு செய்யலாமா என்று சபையில் கேட்பார்கள். ஆம் என்றால், இன்னொரு நாள் குடிமக்கள் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். உண்மையிலேயே ஓட்டில் ஓட்டு! குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். அதிகம் விழுந்தவர் பத்து ஆண்டு வெளியே இருக்க வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. சொத்தும் பறிபோகாது. பத்து ஆண்டு கழித்துப் பழையபடி வரலாம். பாரசீகரை சலாமிஸ் கடற்போரில் தோற்கடித்த தெமிஸ்டோக்ளிஸையே இப்படி அனுப்பினார்கள். அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. பார்த்தால் எல்லாம் பதினைந்துக்கும் குறைவான கையெழுத்துகள். யாரோ மொத்தமாக எழுதி, விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். தேர்தல் வேலை தெரிந்த எவருக்கும் இது புரியும்.

அந்தத் தெமிஸ்டோக்ளிஸ் இன்னொரு விதத்திலும் ஆட்சிமுறையை மாற்றினார். லாரியோன் சுரங்கத்தில் வெள்ளி கொழுத்தபோது, அதை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளாமல் போர்க்கப்பல் கட்டச் சொன்னார். ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள். துடுப்புப் போட நிலமும் வேண்டாம், கவசமும் வேண்டாம். நான்காம் வகுப்பு ஏழைகள் ஏறினார்கள். கி.மு. 480-இல் சலாமிஸில் ஜெயித்தது அவர்கள் தோள்பட்டை. நகரத்தைக் காப்பாற்றியவர்களைப் பார்த்து உனக்குப் பேச உரிமை இல்லை என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்? அதற்கு முன்பே, கி.மு. 487-இல், ஆர்க்கன் பதவி குலுக்கலுக்கு வந்திருந்தது. பெரியவர்கள் அதற்குப் போட்டி போடுவது குறைந்தது. கி.மு. 462-இல் எஃபியால்டிஸ் என்பவர் அரியோபாகஸ் சபையிடம் கொலை வழக்கு, சில மத விவகாரம் தவிர மற்ற அதிகாரங்களைப் பறித்து மன்றத்துக்கும் மக்கள் சபைக்கும் நீதிமன்றங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். அடுத்து அவரைக் கொன்றுவிட்டார்கள். அவரோடு இருந்த பெரிக்கிளிஸ் வேலையைத் தொடர்ந்தார்: நீதிமன்றத்தில் உட்காருபவர்களுக்குத் தினப்படி. முதலில் இரண்டு ஓபல் காசு, பிறகு கிளியோன் என்ற அரசியல்வாதி காலத்தில் மூன்று. தேர்ந்த தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஆறு ஓபல் இருந்த காலம். பெரிய காசில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு வருகிற கிழவருக்கு அடுப்பு எரியும்.

மக்கள் சபை ப்னிக்ஸ் குன்றில் கூடியது. நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது முறை. முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் தேவை. மன்றம் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிடும். விடிந்ததும் பன்றிக்குட்டியைப் பலியிட்டு இடத்தைத் தூய்மைப்படுத்துவார்கள். பிறகு கட்டியக்காரன் கேட்பான்: “யார் பேச விரும்புகிறீர்கள்?” யாரும் எழலாம் என்பது சட்டம். எழுந்து பேசியவர்கள் என்னவோ வழக்கமான சிலர்தான். கூட்டம் சேர்ப்பதே பெரும்பாடு. சந்தையில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். துணியில் சாயம் பட்டால் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அரிஸ்டோஃபனிஸ் தன் நாடகத்தில் இதை வைத்து நன்றாகவே சிரிக்க வைத்திருக்கிறார். பிற்பாடு சபைக்கு வருவதற்கும் காசு கொடுக்க ஆரம்பித்த பிறகு கயிற்றின் வேலை தலைகீழானது.

என்னைக் கேட்டால், இந்த ஆட்சியின் இதயம் சபையில் இல்லை, நீதிமன்றத்தில் இருந்தது. முப்பது வயது தாண்டியவர்களில் ஆண்டுக்கு 6,000 பேரைக் குலுக்கி எடுப்பார்கள். ஒரு வழக்குக்கு 201, 401, 501 என்று உட்காருவார்கள். எந்த வழக்குக்கு யார் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. நான்காம் நூற்றாண்டில் இதற்கு ஒரு பொறியே இருந்தது. வரிசை வரிசையாகப் பிளவுகள் உள்ள பலகை. ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த பட்டையைக் கொண்டுவருவார், அதைப் பிளவில் செருகுவார்கள். பக்கத்துக் குழாயில் கருப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கொட்டி ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கருப்பு என்றால் வீட்டுக்கு. 501 பேருக்கு லஞ்சம் கொடுக்க வசதி இருந்தாலும், யாருக்குக் கொடுப்பது?

உள்ளே சட்டம் விளக்க நீதிபதி இல்லை. வக்கீல் இல்லை, தன் வழக்கைத் தானே பேச வேண்டும். காசு இருந்தால் லிசியஸ் போன்றவர்களிடம் உரை எழுதி வாங்கி மனப்பாடம் செய்யலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம், பானையிலிருந்து தண்ணீர் ஒழுகி முடியும் வரை. பிறகு ஒவ்வொரு நடுவர் கையிலும் இரண்டு வெண்கல வட்டுகள். ஒன்றின் நடுத்தண்டு துளையுள்ளது, மற்றது கெட்டி. தண்டின் முனையை விரலால் மூடிக்கொண்டு ஒன்றை வெண்கலப் பானையில், வேண்டாததை மரப்பானையில் போடுவார். யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. அன்றே தீர்ப்பு. வீண் வழக்கா? பொது வழக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூட வாங்காத வாதிக்கு 1,000 டிராக்மா (ஒரு டிராக்மா ஆறு ஓபல்) அபராதம்.

குலுக்கலில் ஒரு முட்டாள் வந்துவிட்டால்? இந்தக் கேள்வி அவர்களுக்கும் இருந்தது. பதவி ஏற்குமுன் ஒரு விசாரணை: அப்பா யார், அம்மா யார், எந்த ஊர், குடும்பக் கல்லறைகள் எங்கே, பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா, படைக்குப் போனாயா. திறமையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை, விரும்புகிற எந்தக் குடிமகனும் குற்றம் சாட்டலாம். பெரும்பாலான பதவிகள் தனி ஒருவருக்கு அல்ல, பத்துப் பேர் குழுவுக்கு. திறமை உண்மையிலேயே வேண்டிய இடத்தில் மட்டும் தேர்தல்: பத்துத் தளபதிகள், பிற்காலத்தில் சில நிதி அதிகாரிகள். தளபதியாக எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பெரிக்கிளிஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் வந்தார். அவரையும் கி.மு. 430-இல் இறக்கி அபராதம் போட்டார்கள், அடுத்த ஆண்டே திரும்பக் கூப்பிட்டார்கள்.

செலவுக்கு என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. போர்க்கப்பலைப் பராமரிப்பது, நாடகப் போட்டிக்குக் குழு தயார் செய்வது எல்லாம் பணக்காரர் தலையில். தன்னை விடப் பணக்காரன் ஒருவன் தப்பித்துவிட்டான் என்று நினைத்தால், “செலவை நீ ஏற்றுக்கொள், இல்லையென்றால் உன் சொத்தும் என் சொத்தும் மாற்றிக்கொள்வோம்” என்று சவால் விடலாம். சொத்து மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கூர்மையான பொறி வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இத்தனையும் யாருக்கு? பெண்களுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய வெளியூர்க்காரர்களுக்கு இல்லை. அடிமைகளுக்குச் சொல்லவே வேண்டாம், கப்பலுக்கு வெள்ளி தந்த லாரியோன் சுரங்கத்தில் கிடந்தவர்கள் அவர்கள்தான். சபையில் ஒழுங்கு காத்தவர்களும் நகரத்துக்குச் சொந்தமான சித்திய வில்லாளி அடிமைகள். கி.மு. 375-இல் வந்த ஒரு சட்டம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அகோராவில் வெள்ளிக் காசு நல்லதா போலியா என்று சோதிப்பவர் ஓர் அரசு அடிமை. இடத்தில் இல்லாவிட்டால் அவருக்கு 50 சவுக்கடி. குடிமக்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்க, வேலை தெரிந்து நிலையாக உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள். அமெச்சூர்கள் ஆண்ட அரசு என்று வியக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கி.மு. 451-இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி அப்பா, அம்மா இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பிறகு அவரே மிலீட்டஸ் ஊர் அஸ்பேசியாவோடு வாழ்ந்தார். முறைப்படி பிறந்த இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் சாக, அஸ்பேசியாவின் மகனுக்கு விதிவிலக்குக் கொடுங்கள் என்று சபையிடம் கேட்க வேண்டி வந்தது. கொடுத்தார்கள். அந்த மகன் வளர்ந்து தளபதியானார். கி.மு. 406-இல் அர்கினுசாய் கடற்போரில் ஏதென்ஸ் வென்றது, ஆனால் புயலில் கடலில் தத்தளித்த வீரர்களை மீட்க முடியவில்லை. கொதித்துப்போன சபை தளபதிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே வாக்கில் எல்லாருக்கும் மரண தண்டனை விதித்தது. ஊர் திரும்பியிருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அதில் ஒருவர் பெரிக்கிளிஸின் அந்த மகன். அன்று சபையை நடத்திய ஐம்பதின்மரில் இருந்து, இது சட்டவிரோதம் என்று கடைசிவரை மறுத்தவர் சாக்ரடீஸ். கொஞ்ச நாளில் சபைக்கு மனம் மாறி, தங்களைத் தூண்டியவர்கள் மேலேயே வழக்குப் போட முடிவு செய்தது. கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்ததும் குலுக்கலில் வந்த நடுவர்கள்தான்.

கி.மு. 411-இல் நானூற்றுவர், கி.மு. 404-இல் ஸ்பார்ட்டா தயவில் முப்பதின்மர் என்று இரண்டு முறை சிலராட்சி வந்தது. முப்பதின்மர் சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியபோது பழிவாங்கவில்லை. பழையதைக் கிளறமாட்டோம் என்று சத்தியம் செய்துகொண்டார்கள். தங்கள் கோபத்துக்கும் ஒரு கடிவாளம் போட்டுக்கொண்டார்கள்: சபை ஒரு நாளில் எடுக்கும் தீர்மானம் வேறு, நிலையான சட்டம் வேறு, சட்டத்தை மாற்ற நடுவர்களிலிருந்து எடுத்த தனிக் குழு, சட்டத்துக்கு முரணான தீர்மானம் கொண்டுவந்தவர் மேல், சபையே கைதூக்கி நிறைவேற்றிய பின்னும் வழக்கு. எண்பது ஆண்டு இந்த ஏற்பாடு பெரிய உள்சண்டை இல்லாமல் ஓடியது.

அதை முடித்தது வெளியிலிருந்து வந்த படை. கி.மு. 322-இல் மாசிடோனியத் தளபதி ஆண்டிபேட்டர் ஏதென்ஸைப் பணிய வைத்தார். 2,000 டிராக்மா சொத்து உள்ளவருக்கே அரசியல் உரிமை என்றார். மிஞ்சியவர்கள் 9,000 பேர். சலாமிஸில் துடுப்புப் போட்டவர்களின் கொள்ளுப்பேரன்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். அதன் பிறகும் மக்களாட்சி வந்து வந்து போனது, பழைய பலத்தோடு அல்ல.

நடுவர்கள் குலுக்கலுக்குக் கொண்டுபோன அந்தப் பெயர்ப் பட்டைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. மெல்லிய வெண்கலம், ஒரு சாண் கூட இல்லை. சிலவற்றில் பழைய பெயரைத் தட்டி அழித்து அதன் மேலேயே அடுத்தவர் பெயர், அதையும் அழித்து இன்னொன்று. பல பட்டைகள் கிடைத்த இடம் கல்லறை. சொந்தக்காரர் செத்தபோது கூடவே வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.